நுங் தும் என்றால் ஒரு மணி இல்லை: பாங்காக்கில் அலுவலகத் தோழர்களோடு ராக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

பாங்காக்கில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். ஏப்ரல் சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. முவாங் தோங் தானியில் இம்பாக்ட் அரீனா என்ற கச்சேரி அரங்கத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அலுவலகத்தில் "நுங் தும்" என்று சொல்லியிருந்தார்கள். பத்து வரை எண்ணப் படித்திருந்தேன். நுங் என்றால் ஒன்று என்று தெரியும். தும் என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கச்சேரி இரவு ஏழு மணிக்கு.

அன்று நான் செய்த மற்ற தவறுகளும் இதே ஜாதிதான். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லாவற்றையும் தனியாகவே முடிக்கப் பார்த்தேன். தாய்லாந்தில் ராத்திரி வெளியே போவது கூட்டுக் குடும்பக் காரியம் மாதிரி. டிக்கெட், சாப்பாடு, வண்டி, பில் எல்லாம் குழுவாகத்தான் நகரும். அதற்குப் பிறகு ஐந்தாறு கச்சேரிகளுக்குப் போய்விட்டேன். முதல் தடவை போகிறவர்கள் என்னைப்போல் வெயிலில் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் நேரத்தையும் தேதியையும் சரிபாருங்கள்

தாய்லாந்து மக்கள் பேச்சில் ஒரு நாளை ஆறு ஆறு மணி நேரமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். இரவு ஏழு மணியிலிருந்து "தும்" கணக்கு. நுங் தும் ஏழு மணி, சோங் தும் எட்டு, சாம் தும் ஒன்பது. தும் என்ற சொல் காதில் விழுந்தால் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். "தீ" என்று தொடங்கினால் அது நள்ளிரவுக்குப் பிறகு: தீ சோங் என்றால் அதிகாலை இரண்டு மணி. கச்சேரி முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று கேட்டு, "தீ சோங்" என்று பதில் வந்தால் மறுநாள் காலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பொறி ஆண்டு. இங்கே அன்றாடப் புழக்கத்தில் புத்த ஆண்டுதான். 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். 2569 என்றால் 2026. சில இடங்களில் கடைசி இரண்டு எண்ணை மட்டும், 69 என்று போட்டிருப்பார்கள். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை நம்முடையதேதான், அதில் குழப்பமில்லை.

அலுவலக லைன் குழுவில் உங்களைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். இங்கே எல்லாம் லைன் செயலியில்தான் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் காத்திருந்தால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நேரத்தை 19:00 என்று 24 மணி நேரக் கணக்கில் எழுதி, "இதுதானே?" என்று குழுவிலேயே கேளுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் நான் கேட்காமல் போனது.

2. டிக்கெட்: அவர்களோடு சேர்ந்து வாங்குங்கள்

டிக்கெட்டுக்கு அவர்கள் சொல் "பட்", பணம் "பாட்". குறில் நெடில் வித்தியாசம்தான். நமக்கு இது சுலபமாகப் பிடிபடும். விற்பனை திறக்கிற நொடியில் போனை அழுத்திக்கொண்டே இருந்து டிக்கெட் பிடிப்பதற்கு "கொத் பட்" என்று பெயர், அதாவது டிக்கெட் அமுக்குவது. எங்கள் அலுவலகத்தில் அதற்கென்றே கைராசிக்காரர் ஒருவர் இருக்கிறார். உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள்.

நான் விடவில்லை. என் டிக்கெட்டை நானே தனியாக வாங்கினேன். விளைவு: அவர்கள் எல்லோரும் மேடைக்கு முன் நிற்கிற பகுதியில், நான் மேலே நாற்காலியில். நிற்கும் டிக்கெட், உட்காரும் டிக்கெட் இரண்டும் வெவ்வேறு பகுதி, வெவ்வேறு வாசல். உள்ளே போனபின் மாற முடியாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் பொதுவாக வழியில்லை. 2,500 பாட் கொடுத்து, என் தோழர்கள் ஆடுவதை மேலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால் தாய்டிக்கெட்மேஜர் போன்ற பெரிய தளங்களில் ஆங்கிலப் பக்கம் உண்டு. தாய்லாந்து அடையாள எண்ணுக்குப் பதிலாகப் பாஸ்போர்ட் எண் கொடுக்கலாம். அங்கே இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்று, பெயர். படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்கும். நம்மில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் அப்பா பெயர் இருக்கும். இனிஷியலை மட்டும் போட்டால் சில படிவங்கள் ஏற்காது. பாஸ்போர்ட்டில் எந்த வரியில் என்ன இருக்கிறதோ அதையே அப்படியே அடியுங்கள். காலியாக இருந்தால் இருக்கிற பெயரையே இரண்டு முறை அடித்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்; கவுன்டரில் இருந்த பெண் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், பாஸ்போர்ட் எண் சரியாக இருந்ததால் கொடுத்துவிட்டார்.

இரண்டு, ஓடிபி. இந்திய வங்கி அட்டை என்றால் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் போனில் இருக்க வேண்டும், ரோமிங் திறந்திருக்க வேண்டும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கிச் செயலியில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இதை விற்பனை நாள் காலையில் செய்யாதீர்கள், முந்தின வாரமே ஒரு சின்னத் தொகைக்குச் சோதித்துப் பாருங்கள். கவுன்டரில் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் பணம் கட்டிய அதே அட்டையையும் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

கூலிக்கு டிக்கெட் அமுக்கித் தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் ஆட்கள் நிறைய. உண்மையானவர்களும் உண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்களும் உண்டு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேண்டாம்.

3. கையில் இருக்க வேண்டியவை, இருக்கக் கூடாதவை

பாஸ்போர்ட்டின் அசலை எடுத்துப் போங்கள். தாய்லாந்தில் மது வாங்க வயது 20. கேளிக்கை விடுதிகளுக்குள் நுழையவும் அதேதான். நரைத்த தலையோடு நின்றாலும் சில வாசல்களில் அட்டையைக் கேட்பார்கள், அது அவர்களுடைய வழக்கம், கோபப்படாதீர்கள். நகல் சில இடத்தில் செல்லும், சில இடத்தில் செல்லாது. நான் அசலை ஜிப் வைத்த சின்னப் பையில் கழுத்தோடு போட்டுக்கொள்கிறேன். முதுகுப் பை வேண்டாம். வாசலில் சோதிக்கிற வரிசைதான் நீளும்.

வெளியிலிருந்து தண்ணீர், தின்பண்டம் உள்ளே விடமாட்டார்கள். பெரிய லென்ஸ் வைத்த கேமராவும் பொதுவாக முடியாது. திறந்தவெளி நிகழ்ச்சி என்றால், மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். குடை தூக்கினால் பின்னால் இருப்பவர் திட்டுவார், மெல்லிய மழைச்சட்டை இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காதடைப்பான் கட்டாயம். இதைக் கிண்டல் செய்த தோழர் மறுநாள் காது இரைகிறது என்று என்னிடமே புலம்பினார்.

மின் சிகரெட் பழக்கம் இருந்தால் அதை வீட்டோடு விட்டுவிடுங்கள். தாய்லாந்துக்குள் அதைக் கொண்டுவருவதும் விற்பதும் சட்டவிரோதம், வைத்திருந்தாலும் வம்புதான். தெருவில் நாலு பேர் இழுக்கிறார்களே என்று பார்த்து ஏமாறாதீர்கள்.

4. பணம்: யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

தாய்லாந்து மக்களிடம் "கிரெங் ஜாய்" என்று ஒரு குணம் உண்டு. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக்கூடாதே என்று ஒதுங்கிப் போவது. நம்மூர்க் கூச்சமும் மரியாதையும் கலந்த மாதிரி. இதனால் உங்களுக்காகச் செலவழித்தவர் ஒருநாளும் வாய் திறந்து திருப்பிக் கேட்கமாட்டார். எங்கள் கணக்குப் பிரிவு அக்கா எனக்காகக் கட்டிய 310 பாட் பற்றி இரண்டு வாரம் கழித்து, வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இரண்டு வாரமும் நான் தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

மூன்று சொல் தெரிந்தால் போதும். "லியங்" என்றால் இன்று என் செலவு என்று ஒருவர் ஏற்பது. வழக்கமாக வயதில் அல்லது பதவியில் மூத்தவர் செய்வார். அப்போது மல்லுக்கட்டாமல் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், அடுத்த முறை பழமோ காபியோ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். "ஹான்" என்றால் வகுப்பது, மொத்தத்தையும் தலைக்கு இவ்வளவு என்று. "அமெரிக்கன் ஷேர்" என்று சொன்னாலும் அவரவர் பங்கைப் போடுவதுதான். நீங்கள் குடிக்காதவர் என்றால் பில் வரும் முன்பே குழுவில் ஒருவரிடம் மெதுவாகச் சொல்லிவைத்தால் உங்கள் பங்கைக் குறைத்துவிடுவார்கள். பில் வந்தபின் கணக்குப் பார்த்தால் முகம் வாடும்.

மூத்தவரைப் பெயருக்கு முன் "ப்பீ" போட்டு அழைப்பார்கள், இளையவரை "நோங்". தமிழில் எழுதவே கூச்சமான சொல், ஆனாலும் நம்முடைய அண்ணன், அக்கா இரண்டும் அதில் அடக்கம். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எல்லோரும் க்யூஆர் காட்டி பிராம்ட்பே வழியாகத்தான் அனுப்புகிறார்கள். தாய்லாந்து வங்கிக் கணக்கு இன்னும் திறக்காதவர்கள் ரொக்கமாக ஆயிரத்தைந்நூறு பாட், நூறு நூறாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் இருநூறு பாட்டுக்கு மேல் கட்டணம் போகும், அதனால் சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள். இன்னொன்று: நோட்டிலும் நாணயத்திலும் மன்னர் படம் இருக்கிறது. நாணயம் உருண்டு ஓடினால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். அனிச்சையாக வரும், அதனால்தான் சொல்கிறேன்.

5. போகும் வழி

அரங்கத்தின் பெயரைப் பாருங்கள், ஊரின் பெயரை இல்லை. முவாங் தோங் தானி பாங்காக்கே இல்லை, பக்கத்து நொந்தபுரி மாகாணம். அந்த ஒரே வளாகத்துக்குள் இம்பாக்ட் அரீனா, சேலஞ்சர் ஹால், தண்டர் டோம் என்று பல உண்டு. தவறான வாசலில் இறங்கினால் நல்ல நடை.

இப்போது ரயிலில் போய்விடலாம். பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலின் சுகும்வித் வழித்தடத்தில் வாட் ப்ரா ஸ்ரீ மஹாதாத் நிலையம் வரை போய், இளஞ்சிவப்பு மோனோரயிலுக்கு மாறி, முவாங் தோங் தானி நிலையத்தில் இன்னொரு கிளைத் தடத்துக்கு மாற வேண்டும். அந்தக் கிளை 2025-இல்தான் திறந்தது. இளஞ்சிவப்புத் தடத்தில் வங்கி அட்டையைத் தட்டியே நுழையலாம். பிடிஎஸ்ஸுக்கு ராபிட் அட்டை வாங்கிவைத்தால் சில்லறைக்கு அலைய வேண்டாம், அதைப் பதிவு செய்யப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். இரண்டு இடத்தில் மாறுவதால் நகர நடுவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாலையில் போனால் "ரொத் தித்" என்ற சொல் உடனே பழகிவிடும். போக்குவரத்து நெரிசல். வெள்ளி மாலை மழையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

மற்ற அரங்கங்களில் யூனியன் ஹால் சுலபம், எம்ஆர்டி சுரங்க ரயிலின் பாஹோன் யோதின் நிலையத்துக்குப் பக்கம். எம்ஸ்பியர் வணிக வளாகத்தில் இருக்கும் யூஓபி லைவ் அரங்கத்துக்கு பிடிஎஸ் ப்ரோம் போங் நிலையம். ராஜமங்கலா மைதானம்தான் கஷ்டம். விமான நிலைய ரயில் தடத்தில் இறங்கி நீண்ட தூரம் நடக்க வேண்டும், அல்லது வண்டி பிடிக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு நிலையத்தில் இருந்தால் தேசிய கீதம் ஒலிக்கும். ஓடிக்கொண்டிருக்கிற கூட்டம் அப்படியே நிற்கும். நீங்களும் நில்லுங்கள், போனைக் கீழே இறக்குங்கள். ஒரு நிமிடம்தான். சில நிகழ்ச்சிகளில் தொடக்கத்தில் அரச கீதமும் இசைப்பார்கள், அப்போது எழுந்து நிற்க வேண்டும். அரச குடும்பம் பற்றி வேடிக்கையாகக்கூடப் பேசாதீர்கள். குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவில் அதற்குச் சிறை உண்டு.

6. கச்சேரிக்கு முன் சாப்பாடு

எல்லாம் நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது. உங்களுக்கென்று ஒரு தட்டு ஆர்டர் செய்தால் அது தனியாகத் தெரியும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு "மாய் கின் நுவா" என்ற வாக்கியம் போதும். ஆனால் இறைச்சியே சாப்பிடாதவர்கள் இதைச் சொல்லி ஏமாந்துவிடக் கூடாது. "நுவா" என்றால் அகராதியில் இறைச்சி, கடையில் மாட்டிறைச்சி. எனவே மகிழ்ச்சியோடு பன்றி இறைச்சி கொண்டுவந்து வைப்பார்கள். சைவம் என்றால் "கின் ஜே" என்று சொல்லுங்கள். அதில் மீன் சாறு, முட்டை கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை கண்ணில் பட்டால் அதுதான். பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாமில் சாதாரணமாக மீன் சாறும் காய்ந்த இறாலும் இருக்கும், கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

பீரில் ஐஸ் போட்டுத்தான் குடிப்பார்கள். பாட்டில் விஸ்கி, சோடா, ஐஸ் வாளி நடுவில் இருக்கும். எல்லோர் கோப்பையையும் நிரப்புவது பொதுவாக இளையவர் வேலை. "சோன்" என்றால் கோப்பையை மோதுவது, "மோத் கேயோ" என்றால் ஒரே மூச்சில் காலி செய்வது. பின்னதற்குச் சிரித்துக்கொண்டே ஒரு வாய் மட்டும் குடித்தால் போதும், யாரும் அளந்து பார்ப்பதில்லை. குடிக்காதவர்கள் சோடாவில் ஐஸ் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கையைப் பார்த்தால்தான் ஊற்ற வருவார்கள். பெரிய பௌத்த விழா நாட்களில் கடைகளில் மது விற்கமாட்டார்கள், நள்ளிரவுக்குப் பிறகும் அப்படியே. 2025 நவம்பரில் வந்த திருத்தச் சட்டப்படி நேரம் தவறிக் குடிப்பவருக்கும் 10,000 பாட் வரை அபராதம் உண்டு.

7. உள்ளே

கராபாவ், பாடிஸ்லாம் இரண்டு குழுக்களையும் ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள். மேடையில் வேறு யார் பாடினாலும் பேச்சில் இந்த இரண்டு பெயரும் வராமல் இருக்காது. பாடிஸ்லாமின் பாடகர் தூன் 2017-இல் தெற்கே பெத்தோங்கிலிருந்து வடக்கே மே சாய் வரை மருத்துவமனைகளுக்காக ஓடி நிதி திரட்டியவர். அதைத் தெரிந்து வைத்திருந்தாலே எதிரில் இருப்பவர் முகம் மலரும். அரங்கம் முழுக்க முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கூடவே பாடும். வார்த்தை தெரியாவிட்டாலும் பல்லவியின் கடைசி சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். இன்னொரு பாட்டு வேண்டும் என்றால் "அவ் ஈக், அவ் ஈக்!" என்று கத்துவார்கள். அதற்கு மொழி வேண்டாம்.

நெரிசலில் பிறர் தலையைத் தொடாதீர்கள், தட்டிக்கொடுப்பதுகூட வேண்டாம். மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் முன் நாற்காலியின் முதுகில் காலை வைக்காதீர்கள். உள்ளே போனவுடன், பிரிந்துவிட்டால் சந்திக்க ஒரு இடத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் சில நேரம் போன் வேலை செய்யாது.

8. திரும்பும் வழியை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இதில்தான் எனக்குப் பணம் போனது. கச்சேரி பதினொன்றுக்கு முடிந்தது. ரயில்கள் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். நிலைய வாசலில் வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. செயலியில் வண்டி விலை கண் முன்னால் ஏறியது. டாக்சி மீட்டர் 35 பாட்டில் தொடங்கும் என்பதெல்லாம் பகல் கதை. நின்ற வண்டிக்காரர் மீட்டர் போடமாட்டேன், 600 என்றார். கொடுத்தேன். மறுநாள் கேட்டால், என் தோழர்கள் நான்கு பேர் ஒரே வண்டியில் என் தெரு வழியாகத்தான் போயிருக்கிறார்கள்.

அதனால் மதியமே குழுவில் கேளுங்கள்: யார் எந்தப் பக்கம்? நாலு பேர் சேர்ந்தால் வண்டியைக் கடைசிப் பாட்டுக்கு முன்பே பதிவு செய்யலாம். வளாகத்துக்குள் வரச் சொல்லாமல் வெளியே சேங் வத்தனா சாலைப் பக்கம் நடந்து போய் ஏறினால் நேரம் மிச்சம். விரைவுச் சாலைக் கட்டணம் பயணி கொடுக்க வேண்டியது, சில்லறை வையுங்கள். குடித்த தோழர் கார் ஓட்டக் கிளம்பினால் ஏறாதீர்கள். ராத்திரியில் சோதனைச் சாவடிகள் உண்டு. அவரிடம் நேராக மறுக்கக் கூச்சமாக இருந்தால், "எனக்குப் பசிக்கிறது, காவ் தோம் சாப்பிடப் போகலாமா" என்று கேளுங்கள். இது கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும்.

காவ் தோம் என்பது அரிசிக் கஞ்சி. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கிற கடைகளில் சூடான கஞ்சியோடு உப்பு முட்டை, வதக்கிய கீரை, இன்னும் பத்து வகைத் தொட்டுக்கை வரும். தொண்டை கட்டிப்போன பத்துப் பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பதுதான் என்னைப் பொறுத்தவரை கச்சேரியின் நல்ல பகுதி. ஐஸ் போட்ட பீருக்குப் பிறகு கஞ்சி வயிற்றில் இறங்குவதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

9. திங்கட்கிழமை

காலையில் முதல் வேலை, டிக்கெட் எடுத்தவரிடமும் வண்டி பதிவு செய்தவரிடமும் போய் எவ்வளவு என்று கேளுங்கள். "மாய் பென் ராய்", பரவாயில்லை என்பார். இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் முறை தொகையைச் சொல்லிவிடுவார்கள்.

பணம் அனுப்பும்போது ஒரு கடைசிக் குழப்பம் வரும். இங்கே எல்லோருக்கும் ஒரு செல்லப் பெயர், அலுவலகத்திலும் அதுதான் புழங்கும். வங்கித் திரையிலோ நீங்கள் கேள்வியேபடாத நீளமான ஒரு பெயர் வரும். நான் தவறான ஆளுக்கு அனுப்புகிறேன் என்று பயந்து மூன்று முறை ரத்து செய்தேன். அனுப்பும் முன் போனை அவரிடமே நீட்டி, இது நீங்கள்தானா என்று கேட்டுவிடுங்கள். அந்த அக்காவின் முழுப் பெயரை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான், அந்த 310 பாட்டை அனுப்பும்போது.